மீற்றரில் ஒரு லீற்றர் இருந்தது

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு டூங்கபியில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிள் உறுமிக்கொண்டு நின்றது. அதில் ஏறித்தான் நான் மெல்பேர்ன் போகவேண்டும். எண்ணூற்று எழுபது கிலோமீற்றர்! விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம். எனக்கு ஐம்பத்தாறு வயது, முழங்கால் இரண்டும் ஏற்கெனவே சொல்வழி கேட்பதில்லை. பின்பெட்டிக்குள் பட்டுச்சேலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கத்தரிப்பூ நிறத்தில் பூப்போட்ட ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். எதிர்வீட்டுக்காரி சன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஏன் ஏறினேன் என்று கேட்பீர்கள். மறுநாள் பகல் இரண்டு மணிக்கு மெல்பேர்னில் எங்கள் ஒரே மகள் அபிக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை முத்து, திருநெல்வேலிப் பெடியன். படிக்க வந்த காலத்தில் மோட்டார்சைக்கிளில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவன், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். என் மனுசன் வரதன் அவனைக் கண்ணாலும் கண்டதில்லை. "சாப்பாடு காவுறவனுக்கோ என்ர பிள்ளை?" என்று ஒரு வார்த்தை விட்டார். அதோடு அப்பாவும் மகளும் பேசுவதில்லை. இரண்டு வருடம்!

புதன்கிழமை இரவு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் திடீரென்று, "நானும் வாறன். ஆனா என்ர மோட்டார்சைக்கிளிலதான் வருவன்" என்றார். நான் கறிச்சட்டியை மேசையில் வைத்தேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டால் மனுசன் மாறிவிடுவார். "ஓம், போவம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மோட்டார்சைக்கிள் பழையது, பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீற்றர் அதற்குக் கிடையாது. அதற்காக இவர் இணையத்தில் ஒரு சின்னக் கணினியை வாங்கிப் பூட்டியிருந்தார். பூட்டினால் மட்டும் போதாதாம், அதற்குப் பாடமும் படிப்பிக்க வேண்டுமாம். வியாழன் பின்னேரம் கராஜுக்குள் அந்தப் பாடம் நடந்தது. தாங்கியில் இருந்த பெற்றோலை ஒரு சொட்டு விடாமல் வடித்தார். வெறுந்தாங்கி எவ்வளவு என்று முதலில் அதற்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொரு லீற்றராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் பொத்தானை அமத்தினார். வண்டி சரியாமல் பிடிக்கிற வேலை எனக்கு.

"நேராப் பிடியும் மாலா, சரிஞ்சா கணக்குப் பிழைச்சுப் போடும்."

"என்ர இடுப்பெல்லோ பிழைக்கப் போகுது" என்றேன் நான்.

எல்லாம் முடிய மீற்றர் பதினைந்து லீற்றர் காட்டியது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "புத்தகத்தில பதினாலெண்டுதான் கிடக்கு. எங்கட வண்டி பதினைஞ்சு பிடிக்குது, பாத்தீரே!" நான் அதன் நெற்றியில் ஒரு சந்தனப்பொட்டு வைத்துவிட்டு இடுப்பைத் தடவிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

முதல்நாள் பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், காருக்குள் இருந்து பார்த்த நாடு வேறு, இது வேறு. நூற்றிப்பத்தில் போகும்போது பெரிய லொறி ஒன்று பக்கத்தால் கடந்தால் காற்று பிடரியில் அடித்து ஆளை முன்னுக்குத் தள்ளும். நான் முருகனைக் கூப்பிட்டது கோல்பேர்ன் வரைக்கும் கேட்டிருக்கும். அங்கே மூன்று மாடி உயரத்தில் சீமெந்தில் ஒரு செம்மறி ஆடு நிற்கிறது, அதன் காலடியில் இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவோரத்தில் செத்துக் கிடந்த கங்காருக்களை எண்ணுவதை யாஸ் என்ற ஊரைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கண்டகாய் என்ற ஊரில் இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் ஒன்றும் தேத்தண்ணியும் பதினான்கு டொலர். பகற்கொள்ளை!

இரவு ஆல்பெரியில் ஒரு மோட்டலில் தங்கினோம், அறைக்கு நூற்றைம்பது டொலர். படுக்கும்போது இவர், "அவன் என்ன உயரம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "ம்" என்றுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். மறே ஆற்றைக் கடந்தால் விக்டோரியா மாநிலம். பெற்றோல் அடிப்போமா என்று கேட்டேன். மீற்றர் பதினொரு லீற்றர் காட்டியது. லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடும். "சீமோரில அடிப்பம், அதுவரைக்கும் தாராளமாக் காணும்" என்றார். வங்கரட்டா, பெனல்லா எல்லாம் பின்னால் போயின. இரண்டு பக்கமும் வெயிலில் காய்ந்த புல்வெளி, நடுவில் கானலாக ஆடும் தார்ரோட்டு. யூரோவாவில் பெற்றோல் நிலையம் வந்தது. நான் இவருடைய தோளில் தட்டினேன். இவர் மீற்றரைத் தட்டிக் காட்டினார். மூன்று லீற்றர், அறுபது கிலோமீற்றர். சீமோர் ஐம்பதுதான். சரி, கணினி பொய் சொல்லுமா என்று நானும் இருந்துவிட்டேன்.

அவெனல் என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது. மணி பத்தரை.

நான் இறங்கி மீற்றரை எட்டிப் பார்த்தேன். ஒரு லீற்றர், இன்னும் இருபது கிலோமீற்றர் ஓடலாம் என்று பச்சை எழுத்தில் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இவர் தாங்கி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். காய்ந்து கிடந்தது.

வீதி உதவிக்குப் போன் எடுத்தோம். ஆள் வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் செல்லுமாம். கை காட்டினால் ஒருத்தரும் நிற்பதாயில்லை. இவர் குனிந்து அந்தக் கணினியின் பொத்தான்களை அமத்தி அமத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"வெறுந்தாங்கிக்கு ஒண்டெண்டு போட்டனான்."

"என்ன?"

"எத்தனை லீற்றர் எண்டு கேட்டுது. பிள்ளையின்ர கலியாணத்துக்குப் போற வண்டி. முதல் முதலாச் சைபரைப் போட்டுத் தொடங்கிறதே? அதுதான் ஒண்டு போட்டனான்."

மொய் கொடுக்கும்போது நூறோடு நிறுத்தாமல் நூற்றியொன்று வைக்கிறோமே, அந்தக் கணக்கு! தாங்கி பதினைந்து லீற்றர் பிடித்த அதிசயமும் அதுதான். இல்லாத ஒரு லீற்றரை மங்களத்துக்காக அந்தக் கணினிக்குள் வைத்திருக்கிறார், அதுவும் நம்பிக்கொண்டு தூக்கி வந்திருக்கிறது.

அடுத்த நிமிடம் எனக்கு வேறு ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் வாயால் விழுந்துவிட்டது.

"வேணுமெண்டே செய்தனீங்களோ? நேரத்துக்குப் போகாமல் விடவேணுமெண்டு?"

இவர் என்னைப் பார்த்த பார்வை! முப்பது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். சீமோர் இன்னும் பத்துக் கிலோமீற்றர். முப்பத்தேழு பாகை வெயில், இருநூறு கிலோ இரும்பு, அறுபது வயது மனுசன்.

"விசரே உங்களுக்கு? நில்லுங்கோ!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி, அபிக்குப் போன் எடுத்தேன். அவள் கேட்டுவிட்டு, "He's not coming, is he, Amma?" என்றாள். அப்பா வரப்போவதில்லை என்றே முடிவுகட்டிவிட்டாள். அவளிடமிருந்து யாரோ போனை வாங்கினார்கள்.

"ஆன்ட்டி, நான் முத்து பேசுறேன். நீங்க எங்கயும் போகாதீங்க, அங்கயே இருங்க. நான் மெல்பேர்ன்ல உங்க பக்கம், கிரேகிபர்ன்லதான் இருக்கேன், பெட்ரோல் வாங்கிட்டு வர்றேன்."

"ஐயோ தம்பி, மாப்பிள்ளை வெளிக்கிடக்கூடாது..."

"கல்யாணம் ரெண்டு மணிக்குத்தானே ஆன்ட்டி?" போன் நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது இவர் சரளைக் கல்லில் கால் சறுக்கி, சரிந்த வண்டியை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். ஓடிப்போய் நிமிர்த்த உதவினேன். மணிக்கட்டு வீங்கத் தொடங்கிவிட்டது. கிளச் பிடிக்க அந்தக் கைதான் வேண்டும். வீதியோரத்து மரநிழலில் இருவரும் இருந்தோம். நான் சேலைக்கு வைத்திருந்த சால்வையைத் தண்ணீரில் நனைத்து அவர் கையில் சுற்றினேன். "கேட்டது பிழைதான்" என்றேன். "வலிக்குது, இறுக்காதையும்" என்றார்.

பதினொன்றரைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவன் பட்டுவேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் சிவப்புப் பெற்றோல் கான். நான் எழும்பினபடியே நின்றேன். தன் கலியாணத்தன்று இப்படி ஒரு கோலத்தில் ஹைவேயில் எந்த மாப்பிள்ளை நின்றிருப்பான்?

"வணக்கம் அங்கிள்" என்றான். மறுமொழிக்குக் காத்திருக்காமல் தாங்கியில் ஊற்றினான். ஊற்றி முடித்து மீற்றரைப் பார்த்தான். "அஞ்சு லிட்டர்தான் ஊத்தினேன், ஆறு காட்டுதே?"

நான் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று பயந்தேன். அவன் சிரிக்கவில்லை. "எங்க அப்பாவும் அதைத்தான் பண்ணியிருப்பாரு" என்றான். இவர் முதன்முறையாக அவனுடைய முகத்தை நேரே பார்த்தார்.

இந்தக் கையோடு ஓடமுடியாது, வண்டியை விட்டுவிட்டு மூன்று பேரும் காரில் போவோம் என்றேன் நான். இவர் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டார். அந்த மோட்டார்சைக்கிளை வேறு ஒருவரையும் ஓட விடாத மனுசன், வண்டியின் திறப்பை எடுத்து முத்துவிடம் நீட்டினார்.

"நீர் வண்டியை ஓடும்."

"நானா, அங்கிள்?"

"ஓம். சாப்பாடு கொண்டுபோய் ஓடின கைதானே? கொஞ்சம் பாத்து ஓடும்."

எனக்கு நடப்பதெல்லாம் நிசமா என்றிருந்தது. முத்து வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினான். வேறு ஹெல்மெட் இல்லை, என்னுடையதைத்தான் போட்டான். கத்தரிப்பூ நிறம், பூக்களோடு! இவர் அவனுக்குப் பின்னால் ஏறினார். நான் காரை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன்.

தொடக்கத்தில் இவர் ஆசனத்துக்குப் பின்னாலிருந்த கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு உடம்பும் முட்டாமல் விறைத்துப்போய் இருந்தார். சீமோரில் தாங்கியை நிரப்பிக்கொண்டோம். வாலன் என்ற ஊருக்குக் கிட்ட ஒரு பெரிய லொறி கடந்துபோனது, வண்டி ஆடியது. இவருடைய கை பாய்ந்து அவனுடைய இடுப்பைப் பிடித்தது. லொறி போய் வெகுநேரமாகியும் அந்தக் கை அங்கேயே இருந்தது. எனக்குக் கண் மறைத்தது, வேகத்தைக் குறைத்துத் துடைத்துக்கொண்டேன்.

ஒன்று நாற்பதுக்குப் பதிவு அலுவலகம். அபி சிவப்புச் சேலையில் படிக்கட்டில் நின்றாள். மோட்டார்சைக்கிள் வந்து நின்றதையும் பூப்போட்ட ஹெல்மெட்டைக் கழற்றியவனையும் அவனுக்குப் பின்னால் இருந்தவரையும் கண்டவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் இறங்கினார். சால்வை சுற்றிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளோடு முதல் வார்த்தை பேசினார்.

"பிள்ளை, இவன் நல்லா ஓடுறான்."