குப்புறப் படுத்தவருக்கு எட்டு எபிசோடு

நானும் என் மச்சானும் ரசிகர்கள் என்ற முறையில் ஏமாந்த கதையைச் சொல்வதற்கு முன், மச்சான் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். குப்புறப் படுத்திருந்தார். பத்து நாள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம் வீடு. இரண்டு ரிக் வண்டி வைத்து, நாடெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். ஒருநாள் காலையில் இடது கண்ணில் பாதிக்குக் கறுப்புத் துணி தொங்குகிறது என்றார். சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். விழித்திரை கழன்றிருக்கிறது என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். செய்து, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் குமிழிதான் கழன்ற திரையை உள்ளிருந்து அழுத்தி ஒட்டவைக்குமாம். குமிழி எப்போதும் மேல்நோக்கியே போகும். ஆகவே கண்ணின் பின்பக்கம் மேலே இருக்க வேண்டும், முகம் தரையைப் பார்க்க வேண்டும். சாப்பிட எழுந்தாலும் தலை குனிந்தே இருக்க வேண்டும். தூக்கினால் அந்தக் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை. டிவி, போன் எதுவும் கூடாது. நல்ல கண் அங்குமிங்கும் ஓடினால் ஆபரேஷன் செய்த கண்ணும் கூடவே ஓடுமாம். காதால் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார் டாக்டர். இந்த அனுமதியை அவர் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கூடத்தில் நாடாக் கட்டில் போட்டு, தலைமாட்டில் நாலு நாடாவை அவிழ்த்து, முகம் புகும் அளவுக்கு வழி செய்தோம். பார்க்க வந்தவர்கள் எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் அவர் பிடரியிடம் நலம் விசாரித்தார்கள். மரியாதை தெரிந்த ஒரு பெரியவர் மட்டும் தரையில் மல்லாந்து படுத்து, லாரிக்கு கிரீஸ் அடிக்கிறவர் போலக் கட்டிலுக்கடியில் நகர்ந்து போய், "எப்படி இருக்கறீங் சாமி?" என்று கேட்டார். அவரைத் திரும்ப வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ரிக் வண்டிகளின் போனை மச்சானின் மனைவி எடுத்துக்கொண்டார். சமையலை என் மனைவி எடுத்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது மச்சான்.

"ஏனுங்க, அண்ணன் தல தூக்காம பாத்துக்கறது உங்க பொறுப்பு" என்றாள் என் மனைவி. "அவருக்கு ஒரு எடத்துல இருக்க முடியாது. சும்மா கெடந்தா எந்திரிச்சுருவாரு. எதையாச்சும் பேசிக்கிட்டே இருங்க. உங்களுக்கு அது ஒண்ணுதான வரும்."

அந்த நேரம் பார்த்து, மூன்றாம் நாள், தொடர் வந்து சேர்ந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான் எனக்குத் தாய்மாமன் மகன். சிறுவயதில் அவர்கள் வீட்டில்தான் கேபிள் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு, தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுத் தொடர் ஒன்று வரும். இட்லிக் குண்டாவைக் கவிழ்த்தது போல ஒரு விண்கப்பல், அதில் ஏழு பேர், அவர்களுக்கு ஒரு கேப்டன். எந்தக் கிரகத்தில் மாட்டிக்கொண்டாலும் கேப்டன் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில், "வழி இல்லையென்றால் வானம் எதற்கு?" என்பார். உடனே வழி கிடைக்கும். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. வெண்கலச் செம்புக்குள் வாயை வைத்துப் பேசினால் எனக்கு அச்சு அசலாக அந்தக் குரல் வரும். ஊரில் எனக்கிருந்த ஒரே பெருமை அது. அதற்குப் பிறகு வேறு பெருமை எதுவும் வந்து சேரவில்லை.

மச்சான் என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சியைக் கொடுத்த பிறகு அது 'வாங்க மாப்ள' ஆயிற்று. கோபம் வந்தால் மட்டும் பழைய உறவு திரும்பிவிடும்.

தொடரை மறுபடி எடுக்கிறார்கள், அதே நடிகர், அதே கப்பல் என்று செய்தி வந்ததிலிருந்து இரண்டு வருடம் காத்திருந்தோம். எட்டு எபிசோடுகளையும் ஒரே நாளில் விட்டார்கள். மச்சானுக்கு மீதி எட்டு நாள் படுக்கை. நாளுக்கு ஒன்று என்று கணக்கு கச்சிதமாக வந்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியைப் போட்டேன். பெயர் போடும்போது வரும் பழைய இசையை, இழவு வீட்டுக்கு ஏற்ற வேகத்தில் வாசித்திருந்தார்கள். கேப்டன் வாயைத் திறந்தார்.

"யார்றா இவன்?" என்று கட்டிலுக்கடியிலிருந்து குரல் வந்தது.

"கேப்டனுங் மச்சான்."

"இவனா? பல்பொடி வெளம்பரத்துல பேசறவனாட்ட இருக்கறான். நம்ம கேப்டன் எங்கடா?"

ஆள் அதே ஆள்தான். தமிழ்க் குரல் மாறியிருந்தது. மச்சானின் இரண்டு தோளும் மெல்ல உயர்வதைப் பார்த்தேன்.

"படுங்க மச்சான், படுங்க."

"சத்தத்த நிறுத்து. உள்ள போயி செம்பு எடுத்தா. நீ பேசு."

ஒலியை அடைத்துவிட்டு, கீழே ஓடும் எழுத்துகளைப் படித்தபடி செம்போடு உட்கார்ந்தேன். அப்போதுதான் படத்தையே ஒழுங்காகப் பார்த்தேன். கேப்டனுக்கு வயதாகியிருந்தது. ஏதோ ஒரு நிலாவில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுந்திருப்பதற்கு முன் முட்டியைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தார். முகம் உழுத காடு மாதிரி இருந்தது. நாற்பத்தைந்து நிமிடத்தில் அவர் கப்பலில் ஏறவே இல்லை. கப்பலையே காட்டவில்லை. கடைசியில், கப்பல் நிற்கும் கொட்டகையின் பூட்டை மட்டும் காட்டி முடித்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை.

"என்றா நடக்குது? கேப்டன் என்ன பண்றான்?"

தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்று சொன்னால் மச்சான் எழுந்துவிடுவார். யாராக இருந்தாலும் எழுந்துதான் பார்ப்பார்கள். நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு இன்சூரன்ஸ் பார்க்கிறவன். விபத்து எப்படி நடந்தது என்று டிரைவர் தலையும் வாலும் இல்லாமல் சொல்வதைக் கோவையாக எழுதிக் கொடுப்பதும் என் வேலை. எனக்குக் கதை வரும் என்ற எண்ணம் அங்கேதான் எனக்குள் நுழைந்தது. செம்பில் வாயை வைத்தேன்.

"கப்பலைக் கிளப்புங்கள்! எதிரிகள் நெருங்கிவிட்டார்கள்! வழி இல்லையென்றால் வானம் எதற்கு?"

மச்சானின் தோள் கட்டிலில் இறங்கியது. "ஆங்" என்றார்.

அன்றிலிருந்து தொடர் என் பொறுப்பானது. திரையில் கிழவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பழைய சிநேகிதரோடு பேசிக்கொண்டிருப்பார். என் கேப்டன் அதே நேரத்தில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குத் தாவிக்கொண்டிருப்பார். அவருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆக நான் விடவில்லை. மூன்றாம் எபிசோடில், மச்சானுக்குப் பிடிக்கட்டும் என்று ஒரு கிரகத்தில் ஆழ்துளைக் கிணறு போடவைத்தேன். அது தேவையில்லாத வேலை.

"எத்தன அடி?" என்றார் மச்சான்.

"நானூறுங்க."

"மண்ணா, பாறையா?"

"செவப்பு மண்ணுங்க."

"கேசிங் எறக்குனாங்களா?" கேசிங் என்பது மண் சரியாமலிருக்க ஓட்டைக்குள் இறக்கும் குழாய்.

"இல்லீங்... எறக்குனாங்க. மொதல்லயே எறக்கிட்டாங்க."

"செவப்பு மண்ணுல கேசிங் இல்லாம போனா மூடிக்கும்டா. கேப்டனுக்கு அது தெரியாதா?"

"தெரியுமுங்க மச்சான். அவருதான் எறக்கச் சொன்னதே."

"தண்ணி?"

"ஒன்றர இஞ்சுங்க."

"பரவால்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. லயித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் எபிசோடில் எனக்குத் தலைக்கனம் கூடிவிட்டது. கப்பலின் எந்திரம் தீப்பிடித்தது. ஏழு பேரில் மூன்று பேர் மயங்கிவிட்டார்கள். "இன்னும் பத்து நொடி! ஒன்பது! எட்டு!" என்று செம்பு அதிரக் கத்தினேன். மூன்று என்று எண்ணியபோது மச்சான், "என்றா, என்றா!" என்றபடி நாடாவின் ஓட்டையிலிருந்து தலையை உருவினார். நாலு விரல்கடை தூக்கியிருப்பார். என் கையில் செம்பு. என்னால் அசைய முடியவில்லை. அடுக்களையிலிருந்து என் மனைவி பறந்து வந்து, மாவுக் கையோடு அண்ணன் பிடரியைப் பிடித்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"கண்ணு போனா நீங்க குடுப்பீங்களா?" என்றாள் என்னிடம். சத்தம் போடவில்லை. பிடரியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கட்டிப்போட்டாப்பல இருக்கறதுக்குத்தான கத சொல்லச் சொன்னேன்? அவர எழுப்பி உடறதுக்கா?"

அன்று இரண்டு மணி நேரம், கண்ணில் வலி இருக்கிறதா, வெளிச்சம் தெறிக்கிறதா என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். இல்லை, இல்லை என்றார். கேப்டனைக் காப்பாற்றப்போய் மச்சானின் கண்ணைக் குடித்துவிடுவேன் போலிருந்தது.

ஆகவே ஆறாம், ஏழாம் எபிசோடுகளில் கப்பலில் கூட்டம் நடந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். கேப்டன் எல்லோருக்கும் நன்றி கூறினார். எரிபொருள் இருப்பைச் சரிபார்த்தார்கள். மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்கள். எட்டாவதில் எல்லோரும் பத்திரமாகத் திரும்பிவந்தார்கள். எதிரிகளும் பத்திரமாகத் திரும்பிப்போனார்கள்.

இதற்கிடையில் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில், தொடர் எடுத்தவர்களை நான் விட்டுவைக்கவில்லை. 'ரசிகனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவன் எதற்குத் தொடர் எடுக்கிறான்?' என்று எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

பதினோராம் நாள் சேலத்தில் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். இப்படி அடக்கமாகப் படுத்திருக்கிறவர்கள் குறைவு என்றும் சொன்னார்.

"மாப்ள கத சொன்னாருங்க" என்றார் மச்சான்.

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒட்டிக்கொள்வது வேறு, பார்வை வருவது வேறு. குமிழி முழுக்கக் கரைந்த பிறகுதான் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியும். ஒன்றரை மாதம் ஆகலாம். சொல்லும்படி எதுவும் வராமலும் போகலாம்.

அந்த ஒன்றரை மாதம் எனக்குத் தினமும் காலையில் போன் வரும். குமிழி சுருங்கச் சுருங்க, கண்ணுக்குள் ஒரு கோடு இறங்குவது அவருக்குத் தெரிந்தது. "இன்னைக்கி முக்கா கெணறு" என்பார். "இன்னைக்கி பாதி." கோட்டுக்கு மேலே என்ன தெரிகிறது என்று கேட்டால், "பனிமூட்டமாட்ட இருக்குது" என்பார். அதற்குமேல் நானும் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார். டிவி பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதித்ததை மட்டும் அவர் என்னிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் என் மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள். "அண்ணன் எட்டு எபிசோடும் பாத்துட்டாராம். உங்கள வரச் சொல்றாரு."

"கோவமா இருக்கறாரா?"

"எனக்கென்ன தெரியும்? சிரிக்காம சொன்னாரு."

போனேன். மச்சான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டிவியில் முதல் எபிசோடு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பல்பொடிக் குரல் வீடெல்லாம் கேட்டது.

"வாங்க மாப்ள. உக்காருங்க" என்றார். "கேப்டன் எங்க குதிக்கறான்?"

நான் உட்கார்ந்தேன். "குதிக்கலீங்க."

"கெணறு எங்க போட்டான்?"

"போடலீங்க."

"அப்பறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"இதச் சொன்னா நீங்க எந்திரிச்சுருவீங்கன்னு பயந்துட்டனுங்க. இது நல்லாவே இல்லீங்களே மச்சான். இவ்வளவு நாள் காத்திருந்ததுக்கு, கெழவனக் கொண்டாந்து தக்காளி நட வெச்சிருக்கறாங்க."

"நல்லாத்தானய்யா எடுத்துருக்கறான்!" என்றார் மச்சான். "நீ சொன்னதுதான் கேவலம். நான் பல்லியாட்டக் கவுந்து கெடக்கறேன், உன்ற கேப்டன் பாட்டுக்குத் தவ்விக்கிட்டே இருக்கறான். கேக்கவே எரிச்சலா இருந்துச்சு. வயசானா வயசாச்சுன்னு காட்டோணும்ல? நாலாவதுலயே தூங்கிட்டேன்."

"நாலாவதுலயா? அஞ்சாவதுல தலையத் தூக்குனீங்களே?"

"தூங்கறவன் காதுகிட்டச் செம்புல கத்துனா? வண்டி எங்கியோ கவுந்துருச்சுன்னு நெனச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கூட்டம் போட்டதெல்லாம் நல்லா இருந்துச்சு. அந்த மாதிரித் தூக்கம் எனக்குப் பல வருசமா இல்ல. அதுலதான் கண்ணு ஒட்டிருக்கோணும்."

கேப்டனின் புதுக் குரல் ஒத்துக்கொண்டதா என்று கேட்டேன். மூன்றாவது எபிசோடில் பழகிவிட்டது என்றார். வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியதை ஒருமுறை நினைத்துக்கொண்டேன். அழிக்கலாமென்றால் நேரம் கடந்திருந்தது.

இரண்டு பேரும் படத்தைப் பார்த்தோம். கேப்டன் செடியிடமிருந்து நிமிர்ந்தார். அவர் முகம் திரை முழுக்க வந்தது. மச்சான் ரிமோட்டை எடுத்து அதை அப்படியே நிறுத்தினார். பிறகு வலது கையால் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, நாற்காலியோடு ஓரடி முன்னால் நகர்ந்தார். என்ன செய்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

"நேத்து மூக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது" என்றார். அப்புறம் பொத்திய கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கேப்டனும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மாப்ள" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நெத்தியில சுருக்கம் இருக்குது பாருங்க. மூணு. கண்ணோரத்துல பொடிப் பொடியா வேற ஓடுது. எல்லாம் தெரியுதுங்க மாப்ள."

எனக்கு இரண்டு கண்ணிலுமே தெரிந்தது. என் புகாரே அதுதான். "ஆமாங் மச்சான்" என்றேன்.