நாத்தனாருக்கு மிஞ்சிய கல்லீரல்

கட்டிலருகே தள்ளிவந்த ஸ்கேன் மெஷினிலிருந்து வந்த சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் நாத்தனாரின் விலாவுக்குக் கீழே பசையைத் தடவி, கருவியை வைத்து மெல்ல அழுத்தினார் டாக்டரம்மா. புயல் வருவதற்கு முன் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் இரையுமே, அப்படி ஓர் இரைச்சல். “இது குடல்லேருந்து கல்லீரலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய்,” என்றார். கருவியைச் சற்று நகர்த்தினார். “இங்க தமனி. துடிப்பு கேக்கணும்.” காத்திருந்தோம். மெல்லிய துடிப்பு ஒன்று கேட்டது. பிறகு அதுவும் அடங்கிப்போயிற்று. டாக்டரம்மா கருவியை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டிலில் கிடந்தவர் ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்தவர் அல்ல. நோயாளி என் கணவர். கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர், குடிப்பழக்கம் கிடையாது. காமாலைக் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து, அவர் கல்லீரலைச் சுருங்க வைத்துவிட்டது. வேறு ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். என் ரத்த வகை சேரவில்லை. முகத்துவாரக்குப்பத்தில் இறால் வாங்கி விற்றுக்கொண்டு தனியாக இருந்த அவருடைய அக்காவுக்குச் சேர்ந்தது.

எனக்கும் அந்த அக்காவுக்கும் பேச்சு அற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. குப்பத்துப் பெண்ணைக் கட்டாமல், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் வேலை பார்த்த என்னைத் தம்பி கட்டிக்கொண்டது அவருக்கு ஆறவே இல்லை. செய்தி தெரிந்ததும் இறால் கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். “இன்னாடா, எங்கிட்ட இல்லாத பொருளா? வெட்டி எடுத்துக்கச் சொல்லு,” என்று தம்பியிடம் மட்டும் சொன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். என் கணவர் தேறத் தொடங்கினார். அவர் கண்கள் வெளுத்துக்கொண்டு வந்த அதே நாட்களில், அடுத்த அறையில் நாத்தனாரின் கண்களில் மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றில் நீர் கட்டியது. வைத்த குழாயில் அது வடிய வடிய மறுபடியும் ஊறியது. இரண்டு அறைகளுக்கும் நடுவில் நான் நடந்துகொண்டிருந்தேன். “அக்கா எப்டி கீது?” என்று கணவர் கேட்பார். “நல்லா இருக்காங்க,” என்பேன்.

டாக்டரம்மா என்னை வெளியே அழைத்து, ஒளிக்காமல் சொன்னார். “கல்லீரல்ல பெரும்பகுதிய எடுத்துட்டோம். ஆனா குடல்லேருந்தும் மண்ணீரல்லேருந்தும் வர்ற ரத்தம் குறையல. முழுசுக்கும் போனது, இப்ப மீதி இருக்கிற சின்னத் துண்டுக்குள்ள பாயுது. கொஞ்சம் கூடுதலாப் பாஞ்சா நல்லதுதான், வளரத் தூண்டும். இவங்களுக்கு ரொம்ப அதிகமாப் பாயுது. அதனால தமனி தானாவே சுருங்குது. தமனி ரத்தம் போகலன்னா அந்தத் துண்டு தாங்காது.”

மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். இரைச்சல் குறையவில்லை. நாத்தனார் பகலிலும் தூக்கத்திலேயே கிடந்தார். விழித்தால், “படக இழுத்துக் கட்டு, தண்ணி ஏறுது,” என்று புலம்பினார். தொடை வழியாகக் கம்பி செலுத்தி, மண்ணீரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தால் கல்லீரலுக்குள் பாய்வதும் குறையும் என்றார்கள். அதிலும் ஆபத்து உண்டு என்றார்கள். அவருக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பி எழுந்து உட்காரும் நிலையில் இல்லை. என்னைக் கேட்டார்கள். என்னோடு பேசாதவரின் உயிருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “செய்யுங்க,” என்று கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் தமனியின் துடிப்பு மெதுவாக, ஆனால் விடாமல் கேட்டது. அதன் பின் ஒரு மதியம் அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். “நீயா உக்காந்துகினு கீற?”

“ஆமா அண்ணி.”

“சோறு துன்னியா?”

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. என் கணவர் மறுபடியும் கிரேனில் ஏறுகிறார். நாத்தனாரின் கல்லீரலும் வளர்ந்துவிட்டது. ஆனால் இடது விலாவுக்கு அடியில் அவருடைய மண்ணீரல் வீங்கிக்கொண்டே போவதை சமீபத்தில் கண்டுபிடித்தார்கள். நேற்று டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து இருவரும் ஸ்கேனுக்குப் போனோம். ஆபரேஷனில் அறுத்துத் தைத்த இடத்தில், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் அந்தப் பெரிய ரத்தக்குழாய் ஏறக்குறைய மூடிவிட்டது என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அளவுக்கு மீறிப் பாய்ந்த ரத்தத்துக்கு இன்று வழியில்லை. உணவுக்குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய நாளங்களில் புகுந்து ஓடுகிறதாம். அவை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். நாளங்களைக் கட்டுவதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். “ரத்தமா வாந்தி எடுத்தா ஒரு நிமிஷம்கூட வீட்ல நிக்காதீங்க,” என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்தார். “அவங்கிட்ட சொல்லிடாதமே. கிரேன் மேல குந்திகினு இத்தையே நெனைச்சான்னா கை தடுமாறும்.”

அந்த நேரம் பார்த்துக் கணவரின் ஃபோன் வந்தது. நாத்தனாரே வாங்கிப் பேசினார். “துணி எடுக்க வந்தோம்டா. உம் பொண்டாட்டி ஒரு பொடவ எடுக்கறதுக்குள்ள கடையவே பொரட்டிடுவா.”

வெறுங்கையோடு போனால் கேட்பான் என்று என்னை வண்ணாரப்பேட்டைக்கு அழைத்துப் போனார். எனக்கென்று அவர் ஒன்று வாங்குவது அதுவே முதல் தடவை. அவசரப்படாமல் ஒவ்வொன்றாக என் தோளில் வைத்துப் பார்த்து, கடைசியில் கரும்பச்சையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவர் புடவையைப் பிரித்துப் பார்த்தார். “அக்கா எடுத்துக் குடுத்ததா?” என்று அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். நான் சமையலறைக்குப் போனேன். என்னோடு வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் அங்கே இடது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. நான் வாயைத் திறக்குமுன் தலையை அசைத்து நிறுத்தினார்.

“ஒண்ணியும் இல்ல. போயி அந்தப் பொடவைய கட்டிகினு வா. அவன் பாக்கட்டும்.”

கட்டிக்கொண்டு வந்தேன்.