காப்புக் கட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கு

என் வீட்டுக்காரர் ஜெயபாலனைப் பற்றி எங்கள் ஊர் கூலாயில் யாரைக் கேட்டாலும் கூச்ச சுபாவம் என்றுதான் சொல்வார்கள். கடைக்காரன் கறியைக் குறைத்து நிறுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறார். அங்கே பெண்கள் யாராவது பேச வந்தால் தரையைத்தான் பார்ப்பாராம். இப்படிப்பட்ட மனிதருக்கு நோவு எங்கே வந்தது பாருங்கள்.

கல்யாணமாகி எட்டு வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காகவே காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டி, அசைவம் விட்டு, என்னையும் விட்டுத் தனிப் பாயில் படுத்தார். காவடிக் குழுவுக்குத் தலைவர் அவருடைய அண்ணன் ஐயாசாமி.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு பகல் நேரம், வெளியே நல்ல மழை. இரவு வேலை முடித்து வந்தவர் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யார் யாரைக் கூப்பிட்டது என்று கேட்காதீர்கள். புருஷன் பெண்டாட்டி, அதில் எனக்கு வெட்கமில்லை. நடுவில் எசகுபிசகாக வளைந்து, டக்கென்று ஒரு சத்தம். கேரட்டை ஒடித்த மாதிரி எனக்கே கேட்டது. அவர் அலறிக்கொண்டு சுருண்டுவிட்டார். விறைப்பு அந்த நொடியே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் உறுப்பு வீங்கி, ஒரு பக்கமாகக் கோணி, கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

ஐஸைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அவர் காயத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விரதத்தை மீறியதற்கு முருகன் கொடுத்த தண்டனை என்று அழுதார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாராம். போனால் காவடி நின்றுபோகும், நின்றால் அண்ணன் காரணம் கேட்பார், கோயில் முழுக்க நாறிப்போகும். அதனால் தைப்பூசம் முடியட்டும், பிறகு போய் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அந்த வீக்கத்தோடு காவடியையும் தூக்குவாராம்! என்ன மூளையோ.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளைக்காக வேண்டிக்கொண்ட மனிதர், பிள்ளை பெறுவதற்கான வழியையே பாழாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

"ஏங்க, வெக்கத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கார்ல ஏறுங்க," என்றேன்.

முனகிக்கொண்டே ஏறினார். நான்தான் ஜொகூர் பாரு வரை ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி கவுண்டரில் மோட்டார் சைக்கிள் கதையை ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு நடந்ததைச் சொன்னேன். பார்க்க வந்தவர் டாக்டர் சாந்தினி, என்னைவிடச் சின்னப் பெண். இவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் பரிசோதித்தார். அங்கே எலும்பு கிடையாதுதான், ஆனால் விறைப்பின்போது ரத்தம் நிரம்பும் பகுதியைச் சுற்றிக் கெட்டியான உறை இருக்கிறது, அதுதான் கிழிந்திருக்கிறது என்றார். சிறுநீரில் ரத்தம் வந்ததா, அடைக்கிறதா என்றெல்லாம் கேட்டார். சீக்கிரம் தைத்துவிட்டால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுமாம். தள்ளிப்போட்டால் தழும்பு இறுகிக் கோணலாகலாம், விறைப்பும் குறைந்து போகலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இவர் கேட்ட ஒரே கேள்வி, தைப்பூசத்துக்கு அப்புறம் செய்யலாமா என்பதுதான். டாக்டர் அவர் கையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் சிரிக்கவில்லை.

"அண்ணே, காவடி அடுத்த வருஷமும் எடுக்கலாம். இத இன்னிக்கே தைக்கணும்."

இவர் தலையாட்டினார். தியேட்டருக்குத் தயார் செய்யும்போது காப்பை வெட்ட ஒரு தாதி கத்தரிக்கோலோடு வந்தார். டாக்டர் தடுத்து, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டினால் போதும் என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெண் எந்தக் கோயிலுக்குப் போகிறாரோ, போகவே மாட்டாரோ, எனக்குத் தெரியாது. நல்லா இருக்கணும்.

அன்றைக்கே தைத்தார்கள். சிறுநீர்க் குழாயோடு சில நாள் படுத்திருந்தார். ஆறு வாரம் பக்கத்தில் வரவே கூடாது என்று உத்தரவு. அந்த விரதத்தை மட்டும் ஐயா ஒழுங்காகக் காத்தார். விடியற்காலையில் தானாக விறைத்துத் தையல் இழுக்கும்போது, அலமாக் என்று மலாயில் கத்திக்கொண்டு எழுந்து உட்காருவார். எனக்குப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். கடைசியாகப் பார்த்தபோது கோணல் இல்லை, குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். மற்றதை நானும் சொல்கிறேன், குறை இல்லை. அண்ணனிடம் மட்டும், சின்ன ஆப்பரேஷன் என்று சொல்லி மழுப்பிவிட்டோம்.

அடுத்த வருடம் காவடி எடுத்தார். கோயிலுக்குப் போகும் வேனில் ஐயாசாமி, இது பிள்ளை வரத்துக்குத்தானே என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, இல்லை, நன்றிக்கு என்றார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார். விரதத்தை மீறியதையும் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது. வேனில் இருந்த பையன்கள் எல்லாம் இவரையே திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஐயாசாமிதான், "அடப்பாவி, அதுக்கா போன வருஷம் டிமிக்கி குடுத்த?" என்றார். வேனே குலுங்கியது.

பிள்ளை இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். கேட்காத ஒன்றை முருகன் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அதற்கே நான் கும்பிட்டுத் தீராது.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யுகேந்திரன் போனில் கூப்பிட்டான். அந்த வேனில் இருந்த பையன்களில் ஒருவன், புதிதாகக் கல்யாணமானவன். இவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்தார்.

"தம்பி, வெக்கத்த அப்புறம் பாத்துக்கலாம். வாசல்ல நில்லு, நான் வரேன்."

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினார். நான் போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.