ஏழாம் நம்பர் ரூமில் அழுத பிள்ளை

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். எச்சில் இலை எடுத்து, சர்வராகி, குற்றாலத்தில் சொந்தமாகப் பத்து ரூம் லாட்ஜ் கட்டியவன். கவுண்டர் முன்னால் நிற்பவன் முகத்தைப் பார்த்தே திருடனா, வீட்டுக்குத் தெரியாமல் வந்தவனா என்று சொல்லிவிடுவேன். போலீஸ்காரர்களே என்னிடம் விசாரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட நான் ஒரு தடவை தப்பாகக் கணித்தேன். லாட்ஜ் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சீசன். ராயகிரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கூட அவருடைய அக்கா, மனைவி, ஒரு மாசப் பிள்ளை. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது அக்கா கையிலிருந்த பிள்ளை வீறிட்டது. தாய் என்று சொன்னவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொறி தட்டியது. ஏழாம் நம்பர் ரூமைக் கொடுத்தேன். சந்தேகக் கேஸ்களுக்கு அதுதான். கவுண்டரிலிருந்தே கதவு தெரியும்.

மறுநாளும் பிள்ளை கத்தியது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடிய பிள்ளைதான் என்று முடிவு கட்டி, தென்காசி ஸ்டேஷனுக்குப் பேச ரிசீவரை எடுத்தேன். ரூம் கூட்டும் இசக்கியம்மாள் தடுத்தாள்.

"கூறு இருக்கா அண்ணாச்சி? பிள்ளை அழுததும் அவ ஜாக்கெட்டு நனைஞ்சு போச்சு. திருடுன பிள்ளைக்கா பால் சுரக்கும்?"

"பெறகு ஏன் தூக்க மாட்டேங்கா?"

"அதான் சீக்கு. தூக்கமும் இல்ல, சோறும் இறங்கல. பேய் புடிச்சிருக்குன்னு நாத்தனாக்காரி அருவியில நிறுத்தப் போறாளாம். ரெண்டாவது பிள்ளைக்கு எனக்கும் இப்படித்தான். கிணத்தப் பாத்தா குதிச்சிரலாம்னு இருக்கும்."

மெயின் அருவியில் அன்று தண்ணீர் ஆளை அடித்துத் தள்ளியது. இசக்கியைக் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் ரூமுக்கு ஓடினேன். அவள் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டாள்:

"தாயி, செத்துரலாம்னு தோணுதா?"

அந்தப் பெண் ஆமாம் என்று தலையாட்டினாள். "நான் இல்லன்னா பிள்ளையாவது நல்லாருக்கும்."

"நடிக்கா!" என்றார் அக்கா.

"அருவிக்கு இவளக் கொண்டுபோனா ரூமக் காலி பண்ணுங்க. டாக்டரம்மாகிட்டப் போறதா இருந்தா கார் நான் தாரேன்" என்றேன். புருஷன் பிள்ளையை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

தென்காசி டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை பெத்த சில பேருக்கு இப்படி மனசு நோவு வரும். பேயும் இல்ல, திமிரும் இல்ல. மருந்து இருக்கு. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. பிள்ளைய நீங்க பாருங்க, இவ தூங்கட்டும்." மனநோய் டாக்டருக்குச் சீட்டு எழுதி, அப்போதே திருநெல்வேலிக்கு அனுப்பினார். தேற மாசக்கணக்கானது, தேறினாள்.

வீட்டில் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே, "பதினொரு வருஷத்துக்கு முந்தி மூத்தவன் பிறந்தப்போ நானும் அப்படித்தான் கிடந்தேன். சோம்பேறின்னு ஏசுனீக" என்றாள்.

அதற்கப்புறம் கைப்பிள்ளையோடு யார் வந்தாலும் சாவி கொடுக்குமுன், "தூங்குதியாம்மா? சாப்பிடுதியா?" என்று கேட்டுவிடுவேன். பதில் வராவிட்டால் இசக்கியை அனுப்புவேன். வீட்டில் கேட்கத்தான் பதினொரு வருஷம் பிந்திப்போயிற்று.