தானே சேமித்துக்கொண்ட லேப்

என்னிடம் படித்த வளவனூர் அக்காவின் நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ரூட்டருக்குக் கொடுக்க வேண்டிய ஆங்கிலக் கட்டளைகளை அதில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். 'கான்ஃபிக் டி', 'நோ ஷட்', 'ஷோ ரன்'. உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் நோட்டைப் பார்த்துத் தட்டினால் ஓர் எழுத்து பிசகாது.

விழுப்புரத்தில் ஒரு மாடியறையில் நெட்வொர்க் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர்களை இணைக்கும் நிஜ ரூட்டர், ஸ்விட்ச் வாங்க வக்கில்லை. ஒரு பழைய சர்வருக்குள் எல்லாவற்றையும் மெய்நிகர் லேபாகக் கட்டினேன். திரையில் வரிசையாக ரூட்டர்கள் தெரியும். தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. கட்டியதும் நான், எந்த நாளில் எந்தப் பயிற்சி என்று திட்டம் போட்டதும் நான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வளவனூர் அக்கா டிகிரி முடித்துக் கல்யாணமாகிப் பல வருஷம் வீட்டிலேயே இருந்தவர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். "இந்த ஒரு வாட்டிதான் மேடம். வேல கெடைச்சி நெலைக்கலன்னா மறுபடி படி தாண்ட உட மாட்டாங்க. எங்க வூட்டுக்காரரு கண்டிஷனா சொல்லிட்டாரு" என்று முதல் நாளே சொன்னார்.

அந்தக் கோடையில் கரண்ட் அடிக்கடி போனது. யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது. நாம் கொடுக்கும் கட்டளையை ரூட்டரும் ஸ்விட்சும் உடனே கேட்கும். ஆனால் 'சேவ்' என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்காவிட்டால், கரண்ட் போய் வந்ததும் அத்தனையும் மறந்துவிடும். அந்தப் பாடத்தைக் கடைசி வாரத்துக்கு வைத்திருந்தேன். ஒருநாள் அக்கா காலையிலிருந்து செய்ததெல்லாம் போய்விட்டது. "பேஜாராப் போச்சி மேடம். மறுபடி மொதல்லேர்ந்தா?" என்று கண் கலங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லேப் தானே எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளும்படி செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கடைசி வாரம் நேரம் போதாமல் போக, சேமிக்கும் பாடத்தையும் தூக்கிவிட்டேன். அதற்குள் எனக்கே அது தேவையில்லாததாகத் தோன்றியிருந்தது.

திண்டிவனத்தில் ஒரு கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வாரமே புதுக் கட்டிடத்து நெட்வொர்க் ஸ்விட்சுகளைத் தனியாளாக அமைத்தார். எல்லாம் ஓடியது, மேனேஜரே பாராட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். திங்கள் காலை அந்தக் கட்டிடத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கும் இணைப்பு இல்லை.

அங்கிருந்தே போன் செய்தார். "நோட்டு முழுக்கத் தேடிக்கினு இருக்கேன் மேடம். எல்லாம் கரெக்டாத்தான் பண்ணேன். எத உட்டேன்னே தெரியல. ஜல்தி சொல்லுங்க, எல்லாரும் நின்னு பாத்துக்கினு இருக்காங்க."

"சேவ் பண்ணீங்களாக்கா?" என்றேன்.

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அய்யோ, அத எழுதிக்கவே இல்லியே மேடம். நீங்க சொல்லியிருப்பீங்க. நாந்தான் எங்கியோ கவனிக்காம உட்டுட்டேன்" என்றார். இல்லக்கா, நான் சொல்லித் தரவேயில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எல்லாவற்றையும் திரும்ப அமைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் சொன்னபடியே செய்தார்கள்.

லேப் தானே சேமிப்பதை மறுநாளே எடுத்துவிட்டேன். இப்போது சேமிப்பதுதான் என் முதல் பாடம். செய்ததெல்லாம் கரண்ட்டோடு போகும்போது பிள்ளைகள் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்மில் மகள் பக்கத்தில் நின்றாள். "இவங்கதான் எங்க மேடம். தங்கமா சொல்லிக் குடுத்தாங்க. அம்மா மண்டையிலதான் ஏறல" என்று மகளிடம் என்னைக் காட்டினார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்; இது அவளுக்குப் பழகிய பேச்சு போலிருந்தது.

வளவனூர் பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உண்மையைப் பொறுமையாகவே சொல்லியிருக்கலாம். "பாப்பா என்ன படிக்கிறா?" என்று கேட்டேன்.