செக்போஸ்டில் நிற்கும் தீபாவளி

"சாரே, வீரபாண்டியாக்கும். எங்க தீபாவளிய விட்டாச்சா?... இல்லியா? லட்டு எண்ணிக்க சரியா வரலியா? நல்லா எண்ணுங்க சாரே, ஆனா உடைச்சிராதீங்க. வீட்ல ரெண்டு சின்னப் பிள்ளைக காத்துட்டு இருக்கு!"

ஒரு கையில் இருக்கும் போனில், வீடியோ காலில், பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறு கையில் இருக்கும் போனில்தான் செக்போஸ்ட் அதிகாரி பேசுகிறார். அது சக மாஸ்டர் கோமதிநாயகத்தின் பழைய போன். அந்தப் போனுக்கு உயிர் போய் ஒரு வருஷமாகிறது.

வீரபாண்டி கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பலகாரக் கடையில் ஜாங்கிரி மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், திருவனந்தபுரம் வந்து பதினாலு வருஷம். ஊருக்கெல்லாம் தீபாவளியைச் செய்துகொடுக்கிறவருக்குத் தீபாவளியன்று லீவு கிடைக்குமா? பத்து நாள் முன்பே கடையின் சரக்கறையில் பாயை விரித்துவிடுவார். கடைசிப் பெட்டி விற்று, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து, நேமத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பண்டிகை முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும்.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தீபாவளி சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறி வருகிறது. கேரள எல்லையில் களியக்காவிளை செக்போஸ்டில் இறக்கி, பெட்டியைத் திறந்து, மத்தாப்பை எண்ணிப் பார்க்கிறார்கள். அதனால் இவர்கள் வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாமதம். இப்படி ஒரு கதையை நாலு வருஷமாக ஓட்டிவருகிறார். தெருவில் எல்லாம் மலையாள வீடுகள். ஓணத்துக்கு ஊஞ்சலும் பூக்களமுமாக அமர்க்களப்படும் அந்தத் தெரு தீபாவளியன்று தேமே என்று கிடக்கும். இந்தப் பொய்யைச் சொல்ல இதைவிட வசதியான இடம் அமையாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை விடிந்ததை மறைப்பது. மணி எட்டரை. தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போவார். இவர் ஜன்னல்களில் மைதா சாக்கும் போர்வையும் கட்டி, கதவிடுக்கில் துணியைச் செருகி, அறைக்குள் இருட்டைக் கொண்டுவந்துவிட்டுத்தான் பிள்ளைகளை எழுப்புவார். "எந்திரிங்க, எந்திரிங்க, இப்பந்தான் வந்து இறங்குது!" அந்த இருட்டில் ஒரே ஒரு கம்பி மத்தாப்பு பூப்பூவாகச் சொரியும்போது பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தால், அவர் மனைவி பூமாரியே ஒரு நிமிஷம் அந்த செக்போஸ்டை நம்பிவிடுவார்.

பிறகு பூமாரியின் சின்ன வாணலியில் மாவு பிழிவார். வட்டம் இல்லை. யானை, ஆகாய விமானம், சிவப்புச் சாயம் போட்ட கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ். கடையில் ஒரு சுற்று பிசகினாலும் தூக்கி எறிகிற மனிதர், வீட்டில் தும்பிக்கை அறுந்த யானையை எடுத்து, "இது மூக்கு சிந்தப் போயிருக்கு, வந்துரும்" என்பார். ஆனால் ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டார். நெய் வாசனையே ஆகாது. அவருக்கு வேண்டியதெல்லாம் கருவாட்டுக் குழம்பு.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு பயம். நாம் கொண்டாடியது ஊர் கொண்டாடித் தீர்த்த மிச்சம் என்று பிள்ளைகள் ஒருநாள் தெரிந்துகொள்வார்களே, அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

இந்த வருஷம் மூத்தவள் தர்ஷிகா ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை தீபாவளி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூமாரி போன் செய்தார்.

"ஏங்க, க்ளாஸ்ல தீபாவளிக்கு என்ன செஞ்சீங்கன்னு டீச்சர் கேட்டிருக்காங்க. இவ, எங்களுக்கு இன்னும் செக்போஸ்ட்ல நிக்குன்னு சொல்லியிருக்கா. பிள்ளைக எல்லாம் சிரிச்சிட்டாங்களாம். வந்ததுல இருந்து பேச்சே இல்ல. காலண்டரையே பாத்துட்டு இருக்கா."

வீரபாண்டி கழுவிக் கவிழ்த்த அண்டாவை நிமிர்த்தி மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். மூன்றாம் முறையும் தேய்க்கக் கண்டு கோமதிநாயகம், "மாஸ்டரே, மதி, போதும். ஓட்ட விழுந்துரப் போகுது" என்றார். வீரபாண்டிக்குக் காதில் விழவில்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ பதில்களை யோசித்தார். லாரி ஸ்டிரைக் என்று சொல்லலாம். பாலம் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். எல்லாமே அவருக்கே சப்பென்று இருந்தது. நேமத்தில் இறங்கி நடந்தபோது, மாவு மூட்டை சுமக்கும் அந்தக் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பமாட்டேன் என்றன.

வாசற்படியில் தர்ஷிகா உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து எழுப்புவதற்கு முன் அவள் எழுந்தது இதுதான் முதல் தடவை.

"அப்பா, தீபாவளி திங்களாழ்ச்சதானே?"

யோசித்து வைத்ததெல்லாம் பறந்துபோனது.

"ஆமா தங்கம்."

"அப்ப செக்போஸ்ட்ல நின்னது?"

"அங்க ஒண்ணும் நிக்கல. நாந்தான் நின்னேன். கடைல."

தர்ஷிகா கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி வீரபாண்டி தோளில் பையோடு நின்றார்.

"எனக்கு அறியாம், தெரியும்ப்பா," என்றாள் கடைசியில். "நேத்து எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் நான் சொன்னேன், உங்களுக்கெல்லாம் தீந்துபோச்சு, எனக்கு இன்னும் இருக்குன்னு. அப்பறம் யாரும் சிரிக்கல. லிபி அழுதுட்டா."

"லிபி எதுக்கு அழுதா?"

"அவளுக்கும் புதன்கிழம தீபாவளி வேணுமாம். அவ அப்பா முடியாதுன்னுருவாராம்."

வீரபாண்டிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? இதற்கா மனுஷன் மூன்று தடவை அண்டா தேய்த்தான்? அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார்.

அதற்குள் தர்ஷிகா உள்ளே ஓடி, பூமாரி காய்ச்சி வைத்திருந்த நல்லெண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வீரபாண்டி சின்னவனை எழுப்பப் போனார். அவள் வழியை மறித்தாள்.

"குத்த வை அப்பா. முதல்ல உனக்கு. நீதானே ரொம்ப நேரம் நின்ன."

தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல், வாசற்படியில் குந்தி, மகளுக்கு எட்டும்படி தலையைக் குனிந்துகொடுத்தார் வீரபாண்டி.