எந்தப் பக்கம் பார்த்து

தம்பெரே நகரத்தில் நான் தினமும் வேலைக்குப் போகும் குறுக்குவழி ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து போகிறது. சுற்றிப் போனால் இருபது நிமிடம். ஊடே போனால் பாதி. பின்லாந்துக்கு வந்த முதல் வாரம் சுற்றித்தான் போனேன். அதற்குள் ஒரு பெண் தள்ளுவண்டியில் கைக்குழந்தையைத் தூங்கவைத்தபடி உள்ளே போவதைப் பார்த்தேன். ஒருவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு பள்ளிப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். நம்மூரில் சாவு நடந்த வீட்டுக்குப் போய்வந்தாலே தலைமுழுகாமல் வாசல் ஏறவிட மாட்டார்கள். இங்கே கல்லறைக்குள் நடந்து அலுவலகம் போய், மரம் வெட்டும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். கருங்கல் பக்கத்துப் பையனுக்கு இப்படியொரு பிழைப்பு எழுதியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னபோது, “அங்க பேய் பிடிச்சா எந்த மொழியிலலே ஓட்டுவிய?” என்று கேட்டாள். அப்போது அவள் உயிரோடு இருந்தாள்.

போன அக்டோபரில் அதே பாதையில் ஒரு வயதான அம்மாள், கல்லறை ஒன்றின் மேல் கிடந்த பழுப்பு இலைகளைக் கை வாரியால் கூட்டிக்கொண்டிருந்தார். எதையும் கேட்காமல் இருக்க முடியாத பிறவி நான். “அன்டீக்ஸி” என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்கி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபின்னிஷில், “இவர்கள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறார்கள்?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாரியைச் சாய்த்து வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டுத் திருப்பி, தூரத்தில் தெரிந்த இரும்புக் கதவைக் காட்டி, பேருந்து எண்ணையும் சொன்னார். வழி தப்பிய வெளிநாட்டுக்காரன் என்று நினைத்துவிட்டார். “கீட்டோஸ்” என்று நன்றி சொல்லிவிட்டு, அவர் காட்டிய பக்கமே நடந்தேன். விளக்கிச் சொல்ல எந்த மொழியிலும் எனக்குத் தெம்பில்லை.

நான் ஏன் அதைக் கேட்டேன் என்பது குமரி மாவட்டத்துக்காரர்களில் சிலருக்கு உடனே விளங்கும். எங்கள் வீட்டுச் சமயம் அய்யாவழி; எங்கள் தெய்வம் அய்யா. எங்களில் ஒருவர் போய்ச்சேர்ந்தால் எரிப்பதில்லை; படுக்கவைத்துப் புதைப்பதும் இல்லை. சம்மணமிட்டு, தியானத்தில் இருப்பதுபோல் உட்காரவைத்து, வடக்கே முகம் வைத்து, மண் போட்டு மூடுவோம். கருமாதி கிடையாது, திதி கிடையாது. ஏனென்றால் எங்கள் கணக்கில் போனவர் போய்விடவில்லை, காத்திருக்கிறார். அய்யா தர்ம யுகத்தைக் கொண்டுவரும் நாளில் இழந்ததெல்லாம் திரும்பும், உட்கார்ந்திருப்பவர் எழுந்திருப்பார். எங்கள் வாழைத்தோட்டத்தின் மேட்டில் அப்பாவைப் பெற்றவர் அப்படித்தான் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கான இடத்தை அப்பா எப்போதும் கன்று வைக்காமல் விட்டிருந்தார்.

அம்மா பூதப்பாண்டிக்காரி. தேருக்கு வடம் பிடிக்கிற சைவக் குடும்பம், எரிக்கிற வழக்கம். கல்யாணமாகி வந்த பிறகு அப்பாவின் வழியை எடுத்துக்கொண்டாலும், கேலியை விடவில்லை. “எனக்கு முட்டுவலி. அத்தன காலம் கால மடக்கி இருக்க முடியாது. என்னைய நீட்டிப் படுக்க வையுங்க” என்பாள்.

“அய்யா வந்து எழுப்பும்போ காலை நீட்டிட்டுக் கெடந்தா மரியாதையாட்டி?” என்பார் அப்பா.

“அய்யாவுக்கு முட்டுவலி தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.”

இந்தப் பேச்சு வீட்டில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன்.

போன ஆண்டு மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், வடசேரியிலிருந்து திரும்பிவரும்போது அப்பாவின் பைக் சறுக்கியது. அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிவு. அம்மாவுக்குத் தலையில் அடி. இரண்டாம் நாள் போய்விட்டாள். அறுவை சிகிச்சை முடிந்த அப்பா, காய்ச்சல் ஏறி, நினைவு வருவதும் போவதுமாகத் தீவிர சிகிச்சையில் கிடந்தார். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன், ஆனால் வந்துசேர இரண்டு நாள் ஆகும். இங்கே காலை ஏழரை மணி, பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். அம்மாவின் அண்ணன், பூதப்பாண்டி மாமா, போனில் வந்தார்.

“மருமவனே, தோட்டத்துல முட்டளவு வெள்ளம் நிக்கி. வாழை பூராவும் சாஞ்சு கெடக்கு. மேட்டுல குழி வெட்டினா ஊத்து மாதிரி பொங்குது. ஆஸ்பத்திரில குளிர்பெட்டியில வெச்ச உடம்பு, வெறைச்சுப் போச்சு, இருத்தவும் முடியாது. நாரோயில் மயானத்துல கொண்டு எரிச்சிரட்டா? நீ சொன்னாச் செரி.”

“செரி மாமா. எரிச்சிருங்க.”

“யோசிச்சுச் சொல்லு மக்கா.”

“யோசிச்சிட்டேன் மாமா.”

யோசிக்கவில்லை. எதையும் சட்டென்று முடிவெடுப்பவன் என்று அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர். டாக்டர் வருவதற்கு முன்பே பிறந்தவன் என்று அம்மா சொல்வாள். வெள்ளம், விறைத்த உடம்பு, மயக்கத்தில் அப்பா, தூரத்தில் நான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வந்த விடை சரியாகத்தான் இருந்தது. பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். மறுநாள் மாமா தன் வீட்டு முறைப்படி அம்மாவின் சாம்பலைக் கன்னியாகுமரியில் கடலில் கரைத்தார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கேட்டுத்தான் செய்தார்.

நான் ஊருக்குப் போன ஆறாம் நாள் அப்பாவுக்குத் தெளிவு வந்தது. அம்மா போனதை மாமாதான் சொன்னார். அப்பா அழவில்லை. கூரை விசிறியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மழையாச்சே, மேட்டுலதான வெச்சிய? எந்தப் பக்கம் பாத்து இருத்தினிய?” என்று கேட்டார். திசையைச் சரியாகப் பார்த்தோமா என்ற கவலை அந்தக் குரலில் இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான், “எரிச்சாச்சுப்பா. நாந்தான் சொன்னேன்” என்றேன். முறிந்த காலோடு திரும்ப முடியாத மனிதர், கழுத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஊரில் இருந்த மீதி நாட்களில் என்னிடம் அவர் கேட்டதெல்லாம் தண்ணீரும் மாத்திரையும்தான்.

இதை வாசிக்கும், வெளிநாட்டில் பிழைக்கும் சகபயணிகளே, நாமெல்லாம் தூரத்திலிருந்து வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள். குழாய் கசிந்தால் இங்கிருந்தே ஆள் அனுப்புவோம். மருந்தை வீட்டு வாசலுக்கு வரவழைப்போம். நானும் திரும்பி வந்ததும் அதையே செய்தேன். சாய்ந்த வாழைத்தோட்டத்தை மீட்டுவிட்டால் அப்பாவை மீட்டுவிடலாம் என்று தோன்றியது. திசு வளர்ப்புக் கன்றுகள், சொட்டுநீர், ஊடுபயிர் என்று படம் போட்டு ஒரு திட்டமே தயாரித்தேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, பக்கத்தில் இருந்து போனைப் பிடிக்க, திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாம் முடியும்வரை அப்பா பொறுமையாகக் கேட்டார்.

“மக்கா, வாழை சாஞ்சா கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்கும். அதுலேர்ந்து பக்கக்கன்னு தானா வரும், உன் படம் வேண்டாம்,” என்றார். “உங்கம்மைக்கு நீ என்னலே மிச்சம் வெச்ச?”

அத்தை பதறி, “அண்ணே, பிள்ளைட்ட இப்படியா பேசுது?” என்றாள். போன் அவள் கையில் ஆட, கொஞ்ச நேரம் கூரை மட்டுமே தெரிந்தது.

ஒரு வாரம் தூங்காமல் யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தேன். அய்யாவே கடலில் இருந்துதான் எழுந்து வந்தார் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படியானால் கடலில் கரைந்தவளை எழுப்ப அவருக்கு வழி தெரியாதா? எனக்குள் பெரிய வெளிச்சம். விடிந்ததும் போன் போட்டு மூச்சுவிடாமல் சொன்னேன்.

அப்பா சொன்னார்: “நீ வேகமாச் சொல்லுத. அன்னைக்கும் வேகமாத்தான் சொன்ன.”

அதன்பிறகு அப்பா தோட்டத்தில் மண்வெட்டி தொடவில்லை. பக்கக்கன்றுகள் அவர் சொன்னபடியே தானாக வந்தன. களை அவற்றை மூடியது. அதைவிட அத்தை சொன்ன இன்னொன்றுதான் என்னைக் கலக்கியது. நாங்கள் கும்பிடப் போகும் எங்கள் ஊர் நிழல்தாங்கலில் சிலை இல்லை, ஒரு கண்ணாடிதான். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்போம். கும்பிடுகிறவனுக்குத் தன் முகம்தான் தெரியும், முண்டாசு கட்டிய முகம். எவனுக்கும் தலைகுனியாதே என்று அது சொல்வதாக எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். “அண்ணன் ஊணுகம்ப ஊணிட்டு வாசல்வரை போறாவ. துண்டு தோள்லதான் கெடக்கு. தலையில கெட்டுததும் இல்ல, உள்ள ஏறுததும் இல்ல” என்றாள் அத்தை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லையா, அய்யாவிடம் முகத்தைக் காட்டவா? என்னால் கேட்க முடியவில்லை.

எனக்கும் அது எளிதாக இல்லை. இங்கே குளியலறைக் கண்ணாடியின் முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு “அய்யா உண்டு” என்று சொல்வது வந்த நாள் முதலான பழக்கம். இப்போது கண்ணாடியில் தெரிபவன், பேருந்து நிறுத்தத்தில் “யோசிச்சிட்டேன் மாமா” என்றவன். அவன் முன்னால் நின்று எதைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்பது? வேலை, உடல்நலம், தோட்டம் என்றால் கேட்கலாம். நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். கடவுள் ஒன்றை எடுத்தால் இரண்டாகத் தருவார் என்றார்கள். யாருக்கு வேண்டும் இரண்டு? ஒரு அம்மா போதும். கடவுளை நம்புவது என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதியாகச் சொல்வது என நினைத்திருந்தேன். அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் துண்டைக் கட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால், அவள் திரும்ப வரமாட்டாள் என்று நானே இரண்டாம் முறை முடிவு சொன்னதாகிவிடும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையின் போனில் இருந்து அப்பாவே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அந்த விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

“மக்கா, கன்னியாமரிக்குப் போயிட்டு வந்தேன். வடசேரில எறங்கி, பஸ் மாறி.”

“அந்தக் காலை வெச்சிட்டுத் தனியாவா போனீங்க?”

“பின்ன, காலை வீட்டுல வெச்சிட்டுப் போவ முடியுமாலே?”

எத்தனை மாதமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

“அவளைக் கரைச்ச எடத்துல நின்னேன். தலையில துண்டு கெட்டினேன். டூர் வந்த ஒருத்தன் போட்டோ பிடிக்கான், ‘சார், இந்தப் பக்கம் பாருங்க’ங்கான். ‘போலே’ன்னேன்.” போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். “நீ கடலப் பத்திச் சொன்னியே, அது செரிதானான்னு எனக்குத் தெரியல. கடல்லேர்ந்து எழுந்தது அய்யா. இவ பூதப்பாண்டிக்காரி, கொளத்துல எறங்கவே பயப்படுவா. ஆனா எழுப்புதது அவரு வேலை. என் வேலை இல்ல, உன் வேலையும் இல்ல. நம்பாம இருந்து பாத்தேன் மக்கா. முடியல.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இன்னொண்ணு. நான் போனா என்னைத் தெக்கப் பாத்து இருத்தணும்.”

“அப்பா, வடக்கப் பாத்துத்தானே...”

“எனக்குத் தெரியாதாலே? அய்யாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அவ அந்தப் பக்கத்துல இருந்து ஏறி வரும்போ நான் முதுகைக் காட்டிட்டு இருக்கவா? ஊருக்காரன் தடுப்பான், உங்க மாமன் பயப்படுவான். நீதான் இருத்தணும். வெறைக்கதுக்கு முன்ன, நாலஞ்சு மணிக்கூருக்குள்ள. பெட்டியில வெக்கப்பிடாது. செய்வியா?”

தம்பெரேயில் ரயில் ஏறி, ஹெல்சிங்கியில் விமானம் பிடித்து, இடையில் ஒரு பாலைவன நகரத்தில் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் எல்லை தாண்டி எங்கள் தோட்டத்து மேட்டுக்கு வர, எல்லாம் பொருந்தி வந்தாலும் ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. அவர் எனக்குக் கொடுத்திருப்பதோ நாலைந்து மணி நேரம். இங்கே என் குடியிருப்பு அனுமதியை நிரந்தரமாக்கும் விண்ணப்பம் மேசைமேல் பாதி நிரப்பியபடி கிடந்தது. அங்கே திரையில் அப்பாவின் முகம், துண்டு கட்டிய தடம் நெற்றியில் இன்னும் சிவப்பாக. அவர் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்து, “செய்யுதேன்பா” என்றேன்.

எப்படிச் செய்வேன் என்று அவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் குடியிருப்பது தம்பெரேயிலும் இல்லை, கருங்கல் பக்கத்திலும் இல்லை. அந்த நாலைந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை நாளுக்கும் நடுவில், கடவுள் ஒருவரே நிரப்பக்கூடிய அந்த இடைவெளியில்.